ஏற்காட்டுக் காப்பிக்காரர்களுக்கு ஸ்பார்க்ளிங் ஒயின்: ஓர் ஆரம்பப் பாடம்

சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பழத்தைப் பறித்து, பல்பரில் தோல் நீக்கி, களத்தில் காயவைத்து, மூட்டை கட்டி வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறவர்கள் ஒரு வகை. அதோடு அவர்கள் வேலை முடிந்தது. அந்தக் கொட்டை எந்தத் தோட்டத்துக் கொட்டையோடு கலந்தது, யார் வறுத்தார்கள், எந்தப் பெயரில் விற்றார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. இன்னொரு வகை எண்ணிக்கையில் மிகவும் குறைவு. தாங்களே வறுத்து, எஸ்டேட் பெயரைப் பாக்கெட்டில் அச்சடித்து, லாபமோ நஷ்டமோ தங்கள் தலையிலேயே போட்டுக்கொள்கிறவர்கள்.

இந்த வித்தியாசம் தெரிந்த ஒருவருக்கு, பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் சில ஏக்கர் திராட்சையை வைத்துக்கொண்டு ஆர்கானிக் முறையில் சொந்த ஸ்பார்க்ளிங் ஒயின், அதாவது குமிழி விடும் ஒயின், செய்யும் சிறு விவசாயியைப் புரியவைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அந்தத் தைரியத்தில்தான் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

ஷாம்பெயின் பகுதியில் ஏறக்குறைய 34,000 ஹெக்டேரில் திராட்சை இருக்கிறது. விவசாயிகள் சுமார் 16,000 பேர். நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு அவர்களுடையதுதான். கடைகளில் பளபளக்கும் பெரிய பிராண்டுகளின் கையில் இருப்பது மீதிப் பத்தில் ஒரு பங்கு. ஆனால் ஏற்றுமதியில் பெரும்பகுதி அந்த பிராண்டுகளின் பெயரில் போகிறது. அதாவது பெரும்பாலான விவசாயிகள் பழத்தை விற்றுவிடுகிறார்கள். நம் ஊர் மூட்டைக் காப்பிக்காரரைப் போல. தன் பழத்தைத் தானே பிழிந்து, தானே பாட்டிலில் அடைத்து விற்கிறவரை லேபிளை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஓரத்தில் எறும்பளவு எழுத்தில் 'ஆர்.எம்.' என்று போட்டிருக்கும். பழத்தை வெளியே வாங்கிச் செய்யும் நிறுவனம் என்றால் 'என்.எம்.' கூட்டுறவுச் சங்கம் செய்தது என்றால் 'சி.எம்.'

குமிழி எங்கிருந்து வருகிறது

திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்கிறது. தின்னும்போது இரண்டு பொருள்கள் உண்டாகின்றன: ஆல்கஹால், கரியமில வாயு. சாதாரண ஒயினில் அந்த வாயு தொட்டியின் மேல்வழியாகப் போய்விடும். யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. பல்பரில் போட்ட கொட்டையைத் தொட்டியில் வைத்து, வழவழப்பு நீங்கும்வரை காத்திருக்கும் காப்பிக்காரருக்கு நொதித்தல் பழக்கமான சங்கதிதான். ஸ்பார்க்ளிங் ஒயின் செய்கிறவர் கூடுதலாகச் செய்வது ஒன்றே ஒன்று. அந்த வாயுவைத் தப்பவிடாமல் பிடித்து ஒயினுக்குள்ளேயே கரைய வைக்கிறார்.

பிடிப்பதற்குச் சில வழிகள் உண்டு. மிகவும் மலிவானது கோலி சோடா வழி: வாயுவை வெளியிலிருந்து அழுத்தி ஏற்றுவது. திறந்ததும் புஸ்ஸென்று பெரிய குமிழிகள் கிளம்பும், சீக்கிரமே அடங்கிவிடும். இதைக் குறைத்துச் சொல்லவில்லை, அது வேறு பொருள், அவ்வளவுதான். இரண்டாவது, ஒயினை மூடிய பெரிய இரும்புத் தொட்டியில் இன்னொரு முறை நொதிக்கவிட்டு, அழுத்தம் குறையாமல் பாட்டிலில் நிரப்புவது. இத்தாலிக்காரர் மார்டினோட்டி 1895இலும், பிரெஞ்சுக்காரர் ஷர்மா 1907இலும் இதை வடிவமைத்தார்கள். இத்தாலியின் புரொசெக்கோ பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. பழ வாசனை தூக்கலாக இருக்கும், சீக்கிரம் தயாராகும், விலையும் கட்டுப்படியாகும். மூன்றாவது பழைய கிராமத்து வழி: முதல் நொதித்தல் முடிவதற்கு முன்பே பாட்டிலில் அடைத்துவிடுவது. மீதிச் சர்க்கரை உள்ளேயே நொதித்துக் குமிழியாகும். கலங்கலாக இருக்கும், பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். 'பெட்-நாட்' என்று இப்போது நாகரிகமாகத் திரும்பி வந்திருப்பது இதுதான்.

ஷாம்பெயின் விவசாயி செய்வது நாலாவது. ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் தனித்தனியாக இரண்டாவது நொதித்தல். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், மற்ற விஷயங்கள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

வழக்கமாகச் செப்டம்பர் வாக்கில் அறுவடை. எந்திரத்தால் பறிக்க அங்கே அனுமதி கிடையாது. கொத்து நசுங்காமல் முழுசாக வந்து சேர வேண்டும் என்பதற்காக அந்த விதி. அங்கே பயிராகும் மூன்று முக்கிய ரகங்களில் பினோ நுவார், மெனியே இரண்டும் கறுப்புத் திராட்சை. ஷார்டனே மட்டும் வெள்ளை. கறுப்புத் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயினா என்று ஆச்சரியப்பட வேண்டாம். நம் கம்பம் பன்னீர் திராட்சையைப் பிதுக்கிப் பாருங்கள், கறுப்பு முழுக்கத் தோலில்தான் இருக்கும். தோல் கிழிந்து சாற்றில் ஊறாமல், மெதுவாகப் பிழிந்து எடுத்துவிட்டால் ஒயின் வெளுப்பாக வரும். 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்கக் கூடாது என்பது சட்டம். கணக்குப் போட்டால் முக்கால் லிட்டர் பாட்டில் ஒன்றுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ பழம்.

பழத்தை நன்றாகப் பழுக்கவிடுவதும் இல்லை. புளிப்பு இருக்கும்போதே பறிக்கிறார்கள். குளிர்காலத்தில் முதல் நொதித்தல் முடிந்து 10, 11 சதவீத ஆல்கஹாலோடு நிற்கும் அந்த ஒயினைக் குடித்தால் முகம் சுளிக்கும். வசந்த காலத்தில் அதோடு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து, கெட்டியான பாட்டிலில் ஊற்றி, சோடா மூடி போட்டு இறுக்கி, நிலவறையில் படுக்க வைத்துவிடுவார்கள். ஒரு பாட்டிலுக்கு 18 கிராம் சர்க்கரை. நாலு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இந்த நாலு கரண்டிதான் உள்ளே ஆறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தை உண்டாக்குகிறது. பாட்டிலின் கொள்ளளவைப் போல ஆறு மடங்கு வாயு அந்தச் சின்ன இடத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. அதனால்தான் அந்தக் காலி பாட்டிலே 835 கிராம் எடை.

சர்க்கரை அளவு கொஞ்சம் தவறினாலும் பாட்டில் வெடிக்கும். பழைய காலத்தில் நிலவறையில் ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் வரிசையாக வெடிக்கும். வேலையாட்கள் முகத்துக்கு இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். சர்க்கரையை அளந்து சேர்க்கும் கணக்கை 1830களில் ஷாலோன் நகரத்து மருந்தாளுநர் ஒருவர் வகுத்த பிறகுதான் இந்த நாசம் குறைந்தது. ஆனால் குமிழி ஒயினின் புகழ் முழுக்க தோம் பெரிஞோன் என்ற துறவிக்குப் போய்விட்டது. அவர் தன் வாழ்நாளில் குமிழி வராமல் தடுக்கத்தான் பாடுபட்டார் என்பது வேடிக்கை. சர்க்கரை சேர்த்தால் ஒயின் நுரைக்கும் என்று 1662இலேயே லண்டனில் கட்டுரை வாசித்தவர் கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர்.

இரண்டாவது நொதித்தல் சில வாரங்களில் முடிந்துவிடும். ஈஸ்ட் செத்து, வண்டலாகப் பாட்டிலின் பக்கவாட்டில் படியும். உடனே எடுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். எடுப்பதில்லை. செத்த ஈஸ்ட் மெல்லச் சிதைந்து ஒயினில் கரைகிறது. நல்ல ஷாம்பெயினில் வரும் சுட்ட ரொட்டி, பிஸ்கட் வாசனை இந்த வண்டல் கொடுத்தது. சட்டப்படி குறைந்தது 15 மாதம் பாட்டிலிலேயே கிடக்க வேண்டும், அதில் 12 மாதம் வண்டலோடு. ஒரே ஆண்டின் பழத்தில் செய்து ஆண்டையும் லேபிளில் போட வேண்டும் என்றால் மூன்று வருஷம்.

அப்புறம் வண்டலை எடுக்கும் வேலை. பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து ஓட்டைப் பலகையில் செருகி, தினமும் கொஞ்சம் திருப்பித் திருப்பி, வண்டல் முழுவதையும் கழுத்துக்கு இறக்குவார்கள். கணவரை இழந்து 27 வயதில் வியாபாரத்தைக் கையில் எடுத்த மதாம் கிளிக்கோ என்ற பெண்மணியின் நிலவறையில் 1810களில் உருவான முறை இது. இப்போது பெரும்பாலும் எந்திரம் திருப்புகிறது; ஒரு சில சிறு உற்பத்தியாளர்கள் இன்னும் கையால் திருப்புகிறார்கள். பிறகு பாட்டிலின் கழுத்தை மட்டும் சைபருக்குக் கீழே 25 டிகிரிக்கும் மேல் குளிர்ந்த உப்புக் கரைசலில் முக்கினால் வண்டல் பனிக்கட்டி அடைப்பாக உறையும். மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கும் அழுத்தமே அதை வெளியே தள்ளிவிடும். அதில் குறைந்துபோன அளவுக்கு ஒயினும் சிறிது சர்க்கரையும் ஊற்றி, கார்க் அடித்து, கம்பி கட்டினால் முடிந்தது.

இதில் சிறு விவசாயிக்கு எது கஷ்டம்? பணம் முடங்குவது. 2024 செப்டம்பரில் பறித்த பழம் 2025 வசந்தத்தில் பாட்டிலுக்குப் போகும். எவ்வளவு அவசரப்பட்டாலும் 2026 நடுவில்தான் முதல் பாட்டிலை விற்க முடியும். அதற்குள் இன்னொரு அறுவடை வந்து, அதற்கும் பாட்டில், மூடி, கூலி எல்லாம் கேட்கும். காப்பி மூட்டையைப் பிப்ரவரியில் கொடுத்து மார்ச்சில் காசு பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு மயக்கத்தைத் தரும். பெரிய நிறுவனத்துக்கு வங்கி இருக்கிறது, முந்தைய ஆண்டுகளின் ஒயின் தொட்டி தொட்டியாக இருப்பில் இருக்கிறது. ஓர் ஆண்டு மோசமானாலும் கலந்து சமாளித்துவிடலாம். சிறியவருக்கு அந்த மெத்தை மெல்லியது.

ஆர்கானிக் என்றால்

"சல்ஃபர் அடிச்சுட்டு எப்படிங்க ஆர்கானிக்னு சொல்றாங்க?" என்று ஏற்காட்டுத் தோட்டக்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆர்கானிக் என்றால் எதையும் தெளிக்காதது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். செயற்கையாகத் தயாரித்த பூச்சிக்கொல்லி, பூஞ்சணக்கொல்லி, களைக்கொல்லி, ரசாயன உரம் கூடாது என்பதுதான் விதி. கந்தகமும் தாமிரமும் அனுமதிக்கப்பட்டவை.

இந்தத் தாமிரக் கதை காப்பிக்காரர்களுக்கு நெருக்கமானது. 1878 வாக்கில் அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் பிரெஞ்சுத் திராட்சையைச் சூறையாடியது. 1885இல் போர்டோ பல்கலைக்கழகத்தின் மில்லார்தே, மயில்துத்தத்தையும் (காப்பர் சல்ஃபேட்) சுண்ணாம்பையும் கலந்து தெளித்தால் நோய் அடங்குகிறது என்று எழுதினார். அதுதான் போர்டோ கலவை. இலைத்துரு நோய்க்கு நம் மலைத் தோட்டங்களில் மழைக்கு முன்னால் அடிக்கிறோமே, அதே கலவைதான். அங்கே திராட்சைக்குப் பிறந்த மருந்து இங்கே காப்பியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. (1869இல் இலங்கையில் இலைத்துரு தலைகாட்டியபோது இந்த மருந்து இல்லை. இலங்கை தேயிலைக்கு மாறியதற்கு அது பெரிய காரணம்.)

ஆனால் தாமிரம் மக்கிப் போகும் பொருள் இல்லை. தெளித்தது மண்ணிலேயே தங்கி மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் தொல்லை கொடுக்கும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று எல்லை கட்டியிருக்கிறது; சராசரி ஆண்டுக்கு 4 கிலோ. தாமிரம் இலையின் மேலேதான் ஒட்டியிருக்கும், உள்ளே போகாது. நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும். ஷாம்பெயின் குளிரான, ஈரமான வடக்குப் பிரதேசம். மழைக்கால ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் டிராக்டரை எடுக்க வேண்டியிருக்கும். அத்தனை டீசலையும் கணக்கில் எடுத்தால் எது சுத்தம் என்ற கேள்வி வரும். சான்றிதழ் அதை அளப்பதில்லை. என் பார்வையில் ஆர்கானிக்கின் பலவீனமான இடம் இது; அதன் ஆதரவாளர்கள் இதைப் பேச அவ்வளவாக விரும்புவதில்லை.

2021 ஷாம்பெயினின் ஆர்கானிக் விவசாயிகளுக்கு மறக்க முடியாத ஆண்டு. ஏப்ரலில் உறைபனி, பிறகு விடாத மழை, அடிச்சாம்பல் நோய். இலைக்குள் ஊடுருவி வேலை செய்யும் ரசாயன மருந்து ஒரு சுற்று அடித்திருந்தால் பயிர் ஓரளவு தப்பியிருக்கும். அடித்தால் சான்றிதழ் போய்விடும். சான்றிதழைத் திரும்ப வாங்க மறுபடி மூன்று வருஷம். திராட்சை, காப்பி போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு மாற்றக் காலம் அங்கேயும் மூன்று ஆண்டு, 2001இல் தொடங்கிய நம் தேசிய ஆர்கானிக் திட்டத்திலும் மூன்று ஆண்டு. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அங்ககச் சான்றுத் துறையில் பதிந்துகொண்டவர்களுக்கு அந்த மூன்று வருஷம் எப்படி நகரும் என்று தெரியும். செலவு ஆர்கானிக் செலவு, விலை சாதா விலை.

களை இன்னொரு செலவு. களைக்கொல்லியை விட்டுவிட்டால் கொடி வரிசைக்கு நடுவே உழவேண்டும். மண் இறுகாமல் இருக்க சில தோட்டங்களில் குதிரையைப் பூட்டி உழுகிறார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டெய்னர் 1924இல் சொன்ன பயோடைனமிக் முறையைப் பின்பற்றுகிறவர்களும் உண்டு. பசுக்கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைத்து, எடுத்துக் கரைத்துத் தெளிப்பார்கள். பஞ்சகவ்யம் கரைத்துப் பழகிய நமக்கு இது அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது. கொம்புக்குள் என்ன நடக்கிறது என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் அப்படிச் செய்கிறவர்கள் ஒவ்வொரு கொடியையும் நின்று பார்க்கிறார்கள், பலன் அதிலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

தோட்டத்தைத் தாண்டி நிலவறைக்குள்ளும் விதி உண்டா? 2012 அறுவடைக்கு முன்னால் ஐரோப்பாவில் 'ஆர்கானிக் திராட்சையில் செய்த ஒயின்' என்று மட்டும்தான் போட முடிந்தது. அந்த ஆண்டிலிருந்து ஒயின் செய்முறைக்கும் சேர்த்து விதி வந்ததால் 'ஆர்கானிக் ஒயின்' என்றே போடுகிறார்கள். பாட்டிலில் சேர்க்கும் அந்த 18 கிராம் சர்க்கரையும் ஆர்கானிக்காக இருக்க வேண்டும். ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டுக்கும் கடிவாளம் உண்டு: இனிப்பில்லாத சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதி என்றால் ஆர்கானிக்கில் 100. அமெரிக்காவில் ஆர்கானிக் ஒயின் என்று போட வேண்டுமானால் சல்ஃபைட் சேர்க்கவே கூடாது. ஒரே சொல்லுக்கு இரண்டு கரையில் இரண்டு சட்டம். உடம்புக்கு நல்லது என்ற அர்த்தம் மட்டும் எந்தக் கரையிலும் இல்லை. ஆர்கானிக் ஆல்கஹாலும் ஆல்கஹால்தான்.

லேபிளில் இன்னொரு குழப்பம், இனிப்பு. 'புரூட்' என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை. 'எக்ஸ்ட்ரா டிரை' என்றால் அதைவிடக் குறைவாக இருக்கும் என்று நினைப்போம், ஆனால் 12 முதல் 17 கிராம். யார் வைத்த பெயரோ! கடைசியில் சர்க்கரையே சேர்க்காதது 'புரூட் நேச்சர்'. ஆர்கானிக் சிறு உற்பத்தியாளர்கள் பலர் இந்தப் பக்கம் சாய்கிறார்கள். பழம் நன்றாக இருந்தால் அது தெரியும். இல்லாவிட்டாலும் தெரியும், மறைக்க ஒன்றுமில்லை.

ஏற்காட்டில் முடியுமா?

கேட்காமல் இருக்க மாட்டீர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காப்பி பிடித்துக்கொண்டதே, திராட்சை பிடிக்காதா?

கொடி வளரும். ஆனால் ஷாம்பெயினில் கொடி குளிர்காலம் முழுக்கத் தூங்குகிறது, இங்கே தூங்குவதே இல்லை. கவாத்து செய்துதான் அதை ஓய்வுக்கும் காய்ப்புக்கும் தள்ள வேண்டும். நாசிக்கில் அப்படித்தான் கவாத்துக் காலத்தைக் கணக்கிட்டு, மழை இல்லாத ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடையை முடிக்கிறார்கள். இந்தியாவின் ஸ்பார்க்ளிங் ஒயினில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. ஷாம்பெயினின் பெரிய நிறுவனம் ஒன்றுகூட 2013இல் நாசிக் பக்கத்துத் திண்டோரியில் கடை விரித்தது. 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் குளிர்ச்சி உண்டு. ஸ்பார்க்ளிங்குக்கு வேண்டிய புளிப்பு பழத்தில் தங்க அது உதவும். மழைதான் இடைஞ்சல். தென்மேற்கும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது, நடுவில் மூடுபனி. இலையில் ஈரம் காயாத இடத்தில் தாமிரத்தை மட்டும் நம்பித் திராட்சை வைப்பது சூதாட்டம். சில்வர் ஓக்கில் மிளகை ஏற்றிக் கீழே காப்பி வைத்திருப்பவர் அந்தச் சூதாட்டத்துக்கு வர வேண்டிய அவசியம் இல்லை.

சட்டமும் இருக்கிறது. ராஜாஜி முதல்வராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கை முதன்முதலில் அமல்படுத்திய மாவட்டம் நம் சேலம்தான். அந்த ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் செய்வது குற்றம். சின்ன ஜாடியில் கிறிஸ்துமஸுக்குச் செய்தாலும் குற்றம்தான்.

உரிமம் தேவைப்படாத ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. திராட்சைக் கொத்தை நசுக்காமல், கரியமில வாயு நிரம்பிய மூடிய தொட்டியில் நொதிக்கவிடும் முறை ஒன்று பிரான்சின் பொஜொலே பகுதியில் உண்டு. அதைக் காப்பிக்குப் பொருத்திச் செய்த கொட்டையோடு போய்த்தான் ஆஸ்திரேலியாவின் சாஷா செஸ்டிக் 2015இல் உலக பாரிஸ்டா (காப்பி தயாரிப்பவர்) போட்டியில் வென்றார். மூடிய டிரம், வாயு வெளியேற ஒரு வால்வு, நன்கு பழுத்த சிவப்புப் பழம், வெப்பமானி: தேவைப்படுவது இவ்வளவுதான். நவம்பர் பறிப்பில் ஒரு டிரம் மட்டும் ஒதுக்கி வைத்துப் பார்க்கலாம். ஆர்கானிக் சான்று வைத்திருப்பவர்கள், டிரம்மில் ஈஸ்ட் ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் முதலில் ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.